ரேடியோவின் காலிப் பெட்டி

குருகுலம் என்றால் பக்கத்தில் ஓர் ஆறு வேண்டும், ஓர் ஆலமரம் வேண்டும், ஒன்றிரண்டு மான்குட்டிகளாவது துள்ள வேண்டும். இந்தக் குருகுலத்தில் அதெல்லாம் கிடையாது. மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி. அதன் ஆண்கள் விடுதியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாத ஒரு ரப்பர் பொம்மை, சுவரில் தொங்கும் முதலுதவிப் பெட்டி. ஆசிரமம் அவ்வளவுதான்.

குருவின் பெயர் பிரிசில்லா. முப்பதைத் தாண்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். ஏழு வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியவர். வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு அடிபட்டால், காயம்பட்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கக் கல்லூரி அவரை அழைத்து வந்திருந்தது.

சீடன் ஜெயசீலன். இரண்டாம் ஆண்டு. அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் விடுதியில் ஆள் கிடைக்க மாட்டான். 'ரேடியோ' என்று கேட்டால்தான் கையைக் காட்டுவார்கள். எந்தக் குரலானாலும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், மறு நிமிஷம் அது அவன் வாயிலிருந்து வரும். பஸ் கண்டக்டர், மெஸ்ஸில் இட்லி ஊற்றுகிறவர், கணக்கு புரொபசர், குக்கர் விசில், எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். ஒருநாள் விடிகாலையில் வராந்தாவில் நின்று வார்டன் தணிகாசலத்தைப் போல ஒரே ஒரு இருமல் இருமினான். மாடி முழுக்க எழுந்து உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவிட்டது. அதில் பாதிப் பேர் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

முதலுதவி வகுப்பில் அவன்தான் நிரந்தர நோயாளி. எலும்பு முறிந்தவன், பாம்பு கடித்தவன், மாரடைப்பு வந்த பெரியவர் என்று எதைக் கேட்டாலும் புரண்டு புரண்டு நடிப்பான். கைதட்டல் அடங்கியதும் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பழைய நாடகக் குரலில் ஆரம்பிப்பான்.

"குருவே!"

"சொல், சீடனே." மேடம் முகத்தில் சிரிப்பே வராது. அதனால் வகுப்பு இன்னும் சிரிக்கும்.

"அடியேனுக்கு ஓர் ஐயம். அடிபட்டுக் கிடப்பவனுக்கு முதன்முதலில் கொடுக்க வேண்டியது யாது?"

"சோடா!" என்றான் பின்வரிசையில் இக்பால்.

"வாயில எதுவும் ஊத்தக் கூடாதுடா, போன வாரம்தானே சொன்னாங்க" என்றான் தென்னவன்.

"அப்போ அட்வைஸ் குடு. அதை ஊத்தவே வேணாம்."

மேடம் எழுந்து சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றினார். பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், பிளாஸ்திரி, ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு ஊக்குகூட மிச்சம் வைக்கவில்லை. காலிப் பெட்டியை மூடி அவன் கையில் கொடுத்தார்.

"மேடம், இதுல ஒண்ணும் இல்லையே?"

"முதல்ல குடுக்க வேண்டியதை இதுல வெச்சு எடுத்துட்டு வா."

"எப்போ கொண்டு வரணும்?"

"கிடைக்கும்போது."

அடுத்த வாரம் தண்ணீர்ப் பாட்டில் வைத்துக் கொண்டுபோனான். மேடம் தலையை ஆட்டவில்லை. அதற்கடுத்த வாரம் தைலம். முகர்ந்து பார்த்து, "தலைவலிக்கு நல்லது" என்றார். ஒரு தடவை முறுக்கு. ஒன்றை எடுத்துக் கடித்து, "இது இல்லை. ஆனா நல்லா இருக்கு" என்றார். கடைசியாகத் தன் செல்போனையே பெட்டியில் வைத்து, திரையில் நூற்றெட்டை அடித்துக் காட்டினான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கிட்ட வந்துட்டே."

"அப்போ இது இல்லையா?"

"நம்பர் எல்லாருக்கும் தெரியும்."

சரிதான், மேடத்துக்கே பதில் தெரியாதுபோல என்று ரேடியோ முடிவு கட்டினான். பெட்டி மிக்சர் டப்பாவாகிவிட்டது.

ரேடியோவின் அறைத் தோழன் உதயசங்கர். சங்கரன்கோயில் பக்கத்துப் பையன். ஒல்லி. ஃபுட்பாலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். படியேறினால் நடுவில் நின்று, செருப்பு வார் சரியில்லை என்று குனிந்துகொள்வான். தினமும் இருட்டுகிற நேரத்துக்கு அவன் அம்மா போன் செய்வார். உதயன் வராந்தாவுக்குப் போய்ப் பேசுவான். தினமும் ஒரே பேச்சு. ரேடியோவின் கச்சேரியில் அதற்குத்தான் கூட்டம் அதிகம்.

"எம்மா… ம்… சாப்பிட்டாச்சு… ம்… போட்டாச்சு… ம்… சரி, வைக்கட்டா?"

அந்த 'ம்'களுக்கு நடுவில் எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்பதுவரை அவனுக்குத் தெரியும். உதயனே விழுந்து விழுந்து சிரிப்பான். ஒருநாள் உதயன் குளிக்கப் போயிருந்தபோது ரேடியோவே போனை எடுத்துப் பேசிவிட்டான். அம்மாவுக்குத் துளிகூடத் தெரியவில்லை. விடுதியில் ரெண்டு நாள் அதே பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோ, உதயன், இக்பால், தென்னவன் நாலு பேரும் பின்பக்கக் காம்பவுண்டைத் தாண்டி ஓடைக்குப் போனார்கள். போகக் கூடாத இடம். வெளியே போகும்போது வார்டனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னால் விடமாட்டார். அதனால் சொல்லவில்லை. உதயன் முதலில் வர மறுத்தான். ரேடியோதான் பிரின்சிபால் குரலில் ஆரம்பித்தான்.

"உதயசங்கர்! தாங்கள் ஓடையில் குளிப்பதற்கு நிர்வாகம் முழு மனதுடன் அனுமதி அளிக்கிறது!"

உதயன் சிரித்துவிட்டான். சிரித்தவனை இழுத்துப் போவது சுலபம்.

ஓடைப் பாறையில் பச்சைப் பாசி. உதயன் கால் வைத்தான், கால் அங்கே இல்லை. மல்லாக்க விழுந்தான். பின்மண்டை பாறையில் மோதியது.

டொக்.

ஒரு நொடி எல்லோரும் அப்படியே நின்றார்கள். உதயன் எழுந்து உட்கார்ந்தான். தலையைத் தடவினான். ரத்தம் இல்லை. பல்லைக் காட்டினான். "ஒண்ணுமில்லல."

ரேடியோ நாக்கை மேலண்ணத்தில் சொடுக்கி அந்தச் சத்தத்தை அப்படியே எழுப்பினான். டொக். எல்லோரும் சிரித்தார்கள். உதயனும் சிரித்தான்.

திரும்பி வரும் வழியில் உதயன் மட்டும் பின்தங்கி வந்தான். காம்பவுண்டுச் சுவர் அருகே நின்றுவிட்டான்.

"ஏல, வார்டனுக்குத் தெரிய வேணாம்."

"யாருடா சொல்லப் போறா?" என்றான் இக்பால். "சொன்னா நாலு பேரும் சஸ்பெண்ட்."

"எங்க வீட்டுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நாளைக்கே பெட்டியக் கட்டிக் கூட்டிட்டுப் போயிருவாங்க. படிப்பு அம்புட்டுதான். ரேடியோ, எனக்குத் தல வலிக்கி. நான் படுக்கப் போறேன். எங்கம்மா போன் பண்ணுனா நீயே பேசிரு."

"அதுக்கென்ன, பேசிட்டாப் போச்சு."

"சத்தியம் பண்ணு."

ரேடியோவின் கையில் அந்தப் பெட்டிதான் இருந்தது, உள்ளே முறுக்குத் தூளோடு. அதன் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தான், கோர்ட் டவாலி குரலில்.

அறைக்கு வந்ததும் உதயன் படுத்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஜன்னலோரம் போய் வாந்தி எடுத்தான். மறுபடி படுத்தான்.

"காலைல தின்ன பரோட்டா" என்றான் இக்பால்.

"அதை நானும்தானே தின்னேன்" என்றான் தென்னவன்.

"உன் வயிறும் அவன் வயிறும் ஒண்ணாடா?"

ரேடியோ கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மேடத்தின் குரலை எடுத்தான். அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலை. "தலையில அடி. அப்புறம் வாந்தி. அப்புறம் தூக்கம். இது வரிசையா வந்தா உட்கார்ந்து யோசிக்காதே. கிளம்பு."

அச்சு அசல் மேடம்தான். இக்பால் சிரித்தான். தென்னவன் பாதிச் சிரிப்பில் நின்று உதயனைப் பார்த்தான். உதயன் தூங்கிக்கொண்டிருந்தான்.

சொன்னவனுக்கே அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது.

"டேய், எழுப்பிப் பாரு."

தென்னவன் தோளைத் தட்டினான். "உதயா. டேய், உதயா." உதயன் எதையோ முனகிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முழிச்சான்ல? தூங்கட்டும் விடு" என்றான் இக்பால்.

"மேடத்துக்குப் போன் பண்ணுவோமா?" என்றான் ரேடியோ.

"பண்ணினா வார்டனுக்குப் போகும். வார்டன்கிட்ட இருந்து அவங்க வீட்டுக்குப் போகும். அவன்தானே வேணாம்னான்? சத்தியம் பண்ணியிருக்கே."

"இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்."

பார்த்தார்கள். வெளியே வெளிச்சம் குறைந்தது. உதயன் குறட்டை விட ஆரம்பித்தான். அவன் குறட்டையும் ரேடியோவின் கச்சேரியில் ஓர் உருப்படிதான். ஆனால் இது அந்தக் குறட்டை இல்லை. ஈரமாக, இழுத்துக்கொண்டு, வேறு யாரோ உள்ளே படுத்திருப்பது போல இருந்தது. அந்த அறையில் அது ரேடியோவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

உதயனின் போன் அடித்தது. திரையில் 'அம்மா'.

"எடுடா" என்றான் இக்பால்.

"வேணாம்டா."

"எடுக்கலேன்னா நேரா வார்டனுக்கு அடிப்பாங்க. எடுடா!"

எடுத்தான். கண்ணை மூடினான். குரல் தானாக வந்தது.

"எம்மா…"

"எய்யா. சாப்ட்டியா?"

"ம்… சாப்பிட்டாச்சு."

"என்ன குடுத்தான்?"

"சப்பாத்தி."

"மாத்திர போட்டியாய்யா?"

"போட்டாச்சு."

வழக்கமான இடத்தில் வழக்கமான வார்த்தை வந்து விழுந்துவிட்டது. எத்தனை தடவை சொல்லிக் கைதட்டு வாங்கிய வார்த்தை! முன்பு ஒருநாள் அவனே போனில் பேசியபோதும் இதே கேள்விதான், அன்று விளையாட்டில் காதில் ஏறவில்லை. வாயை மூடிய பிறகுதான் அது அவனைத் திரும்பிப் பார்த்தது.

என்ன மாத்திரை?

"ம்" என்றான், சும்மா.

"இந்த மாசம் ரெத்தம் குடுத்துப் பாத்தியா? போன தடவ ரொம்பத் தண்ணியா இருக்குன்னு டாக்டர் ஏசுனாருல்லா?"

"ம்…"

"நீயும் ஓட்டம் சாட்டமுன்னு எங்கயும் விழுந்து கிழுந்து வைக்காத. ஒனக்குச் சொல்ல வேண்டாம்."

ரேடியோ கண்ணைத் திறந்தான். கட்டிலுக்கு வெளியே உதயனின் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. இக்பால் காற்றில் வெட்டுவது போலக் கையை ஆட்டினான். வை, வை, வை.

அது என்ன மாத்திரை என்று கேட்க வேண்டும். ஆனால் உதயன் தன் அம்மாவிடம் அப்படிக் கேட்க மாட்டான். உதயனாக இருக்கும்வரை கேட்க முடியாது.

"சரிய்யா, வைக்கட்டா?" என்றார் அம்மா.

"எம்மா… நான் உதயன் இல்ல."

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அதையும் உதயன் குரலிலேயே சொல்லியிருந்தான்.

மறுமுனையில் சிரிப்பு. "பெறவு யாரு, கலெக்டரா? போய்ப் படி, போ."

வாயைத் திறந்தான். தன் குரல் கிடைக்கவில்லை. வார்டன் வந்து நின்றார், மேடம் வந்து நின்றார், கண்டக்டர் வந்து நின்றார். ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டுப் பின்னால் தேடினான். கடைசியில் ஏதோ ஒன்று வந்தது. மெலிந்து, கீச்சென்று, பழக்கமே இல்லாத ஒரு குரல்.

"அம்மா, வெச்சுடாதீங்க. நான் ஜெயசீலன். உதயன் ரூம்மேட். இவ்வளவு நேரம் அவனை மாதிரிப் பேசினது நான்தான்."

மறுமுனையில் ஒரு பஸ் கடந்துபோகும் சத்தம் கேட்டது.

"எம்புள்ள எங்க?"

"இங்கதான் படுத்திருக்கான். வழுக்கி விழுந்துட்டான். தலையில அடி. எழுப்பினா சரியா முழிக்க மாட்டேங்குறான். அது என்ன மாத்திரைம்மா?"

அலறல் வரும் என்று காத்திருந்தான். அம்மாக்களின் அலறல் அவனுக்கு நாலு தினுசு தெரியும். ஒன்றும் வரவில்லை.

"எப்ப விழுந்தான்?"

"மத்தியானம்."

"சத்தி எடுத்தானா?"

"ஒரு தடவை வாந்தி எடுத்தான்."

"நல்லாக் கேளு. சின்னதுல அவனுக்கு நெஞ்சுல வால்வு மாத்திருக்கு. ரெத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுதான். அதனால உள்ள ரெத்தம் கசிஞ்சா நிக்காது. தலைய ஸ்கேன் பண்ணுத பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பமே கொண்டு போவணும். போனதும் மொதப் பேச்சா மாத்திர விசயத்தச் சொல்லணும். அட்டை அவன் டிரங்குப் பெட்டில நீலச் சட்டைக்கு அடியில கெடக்கும், எடுத்துக்கோ. அவனுக்கு ஒண்ணும் குடுத்துராத. நான் கெளம்பிட்டேன்."

"அம்மா, நீங்க பயப்படாம…"

"இந்தப் போனுக்குத்தான்யா பதினோரு வருசமா காத்துக் கெடக்கேன். பயந்தெல்லாம் முடிஞ்சிட்டு. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னான். வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. ஸ்கேன். நீலச் சட்டை. அம்மாவின் வார்த்தைகள்தான். குரல் மட்டும் அவனுடையதாக இருந்தது.

"நல்ல புள்ள. ஓடு."

ரேடியோ திரும்பினான். "தென்னவா, நீ வண்டியைக் கூப்பிடு. தலையில அடி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவன்னு சொல்லு. இக்பால், கீழ போய் வார்டன்கிட்ட எல்லாத்தையும் சொல்லு."

"எல்லாத்தையுமா?"

"ஓடையையும் சேர்த்து."

இக்பால் ஓடுவதற்கு முன், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் முதலுதவிப் பெட்டியை எடுத்து ரேடியோவின் கையில் திணித்தான். ரேடியோவும் ஒரு நம்பிக்கையில் அதைத் திறந்தான். முறுக்குத் தூள்.

தட்டிக் கொட்டினான். டிரங்குப் பெட்டியைத் திறந்து, நீலச் சட்டைக்கு அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அதில் வைத்தான். மேடத்துக்குப் போன் செய்தான்.

"மேடம், நான் ஜெயசீலன்."

"யாரு?"

"ஜெயசீலன், மேடம்."

"எந்த ஜெயசீலன்?"

அந்தக் குரலை மேடம் கேட்டதே இல்லை.

"ரேடியோ, மேடம். உதயனுக்குத் தலையில அடி, எழுப்பினா முழிக்க மாட்டேங்குறான்."

அதற்குப் பிறகு மேடம் யார், ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. "மூச்சு இருக்கா?"

"இருக்கு. குறட்டை மாதிரி இழுக்குது."

"கழுத்து மடங்காம தலையையும் உடம்பையும் ஒண்ணாப் பிடிச்சு ஒருக்களிச்சுத் திருப்பு. வாந்தி வந்தா வெளிய போயிடணும். வண்டி?"

"தென்னவன் கூப்பிட்டுட்டான்."

"பக்கத்துலயே இரு. மூச்சைப் பார்த்துக்கிட்டே இரு. நான் வர்றேன்."

படியில் தடதடவென்று கால்கள் ஏறி வந்தன. கூடவே அந்த இருமல். இந்த முறை அது நிஜ வார்டன். வந்தவர் திட்டவில்லை. கதவை அகலத் திறந்து வைத்து, வழியில் கிடந்த பக்கெட்டையும் செருப்புகளையும் தன் கையால் ஒதுக்கினார். ரேடியோ உதயனின் முதுகை முட்டுக் கொடுத்தபடி மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் எந்தச் சத்தத்தையும் அவன் அப்படிக் கேட்டதில்லை. வண்டியின் சைரன் கல்லூரி வாசலில் திரும்பியபோது, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் இறங்கியதும் ரேடியோ டாக்டரின் முன்னால் போய் நின்று பெட்டியைத் திறந்து நீட்டினான். வால்வு, மாத்திரை, பாறை, வாந்தி. வேறு ஒன்றும் பேசவில்லை. டாக்டர் அட்டையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், ஓட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை உதயனின் அம்மா வந்து சேர்ந்தார். சின்ன உருவம். கையில் ஒரு ஒயர் கூடை. டாக்டர் அவரிடம் பேசியது தள்ளி உட்கார்ந்திருந்த மூன்று பையன்கள் காதிலும் விழுந்தது.

"உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. எடுத்துட்டோம். மாத்திரை விஷயத்தை வந்ததுமே சொன்னதால அதை முறிக்கிற மருந்தை முதல்லயே குடுக்க முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சு வந்திருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன். இனி அவன் கண்ணைத் திறக்கணும்மா. அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம்."

அம்மா தலையை ஆட்டினார். பையன்களிடம் வந்தார்.

"போன்ல பேசுனது யாரு?"

ரேடியோ எழுந்து நின்றான். கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான்.

"மொதல்ல பேசுனதும் நீதானா? சப்பாத்தின்னியே?"

"ஆமாம்மா."

அம்மா அவன் முகத்தையே பார்த்தார். "அப்பிடியே எம்புள்ளதான்னு நெனச்சேன்." அடிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஆனது. ஐ.சி.யூ. கதவு திறக்கும்போதெல்லாம் அம்மாவும் மூன்று பையன்களும் நிமிர்ந்தார்கள். ஒருமுறை ட்ராலி வந்தது. ஒருமுறை துடைப்பம் வந்தது. கூப்பிட யாரும் வரவில்லை. அம்மா கூடையின் ஒயரை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். திடீரென்று, நேராகப் பார்த்தபடியே, சின்னக் குரலில் கேட்டார்.

"எய்யா. அதே மாதிரி இன்னொரு தடவ பேசுவியா? ஒண்ணும் வேண்டாம். 'எம்மா'ன்னு மட்டும்."

இக்பால் தலையைக் குனிந்துகொண்டான். தென்னவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

ரேடியோவின் தொண்டையில் அந்தக் குரல் வந்து நின்றது. முழுசாக, ஒரு பிசிறு இல்லாமல். வாயைத் திறந்தால் போதும்.

"இதோ வர்றேம்மா" என்று எழுந்தான்.

வராந்தாவின் கோடியில் பிரிசில்லா மேடம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முந்தைய நாள் கட்டிய அதே சேலை. ரேடியோ அவர் முன்னால் போய் நின்றான். கையில் பெட்டி.

"குருவே."

நாடகக் குரல் இல்லை. அந்த மெலிந்த குரல்தான். மேடம் நிமிர்ந்தார்.

"அந்தம்மா அவனை மாதிரிப் பேசச் சொல்றாங்க."

"ம்."

"என்னால முடியும், மேடம். பேசினா அவங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும். ஆனா அவன் உள்ள…" நிறுத்தினான். "பேசவா?"

மேடம் அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"முதல்ல எதைக் குடுக்கணும்னு அன்னைக்கே கேட்டேன். நீங்க இன்னும் சொல்லவே இல்லை."

"பெட்டியைத் திற."

திறந்தான். மாத்திரை அட்டை டாக்டரிடம் போயிருந்தது. மூலையில் முறுக்குத் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான்.

"உன்கிட்ட என்ன இருக்கு?"

ரேடியோ யோசித்துப் பார்த்தான். "ஒண்ணும் இல்லை, மேடம்."

"அதை எடுத்துக்கிட்டுப் போய் அவங்க பக்கத்துல உட்காரு."

பெட்டியை மூடினான். பிறகு திரும்பி நடந்தான். அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டியைக் காலடியில் வைத்தான்.

"அந்தக் குரல் அவனோடதும்மா" என்றான்.

அம்மா அவனைப் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். பிறகு மடியிலிருந்த கூடையை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார், ரொம்ப தூரம் சுமந்து வந்தவரைப் போல. அவன் கூடையைப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அவர்கள் கால்வரை வந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து யாரையோ தேடினார். அவருக்குப் பின்னாலிருந்து, வறண்டு, கரகரத்து, காற்றில் பாதி கரைந்து ஒரு சத்தம் வந்தது.

"எம்மா…"

அம்மா வெடுக்கென்று திரும்பி ரேடியோவின் வாயைப் பார்த்தார்.

அது மூடியிருந்தது.